போக்கிடம் அற்ற நாயகி: கடத்தல் நாவல்களின் சமூக வரலாறு

பெண்ணொருத்தி கடத்தப்படுகிறாள், காவலுள்ள வீடொன்றில் அடைக்கப்படுகிறாள், அவளைக் கவர்ந்தவன் மெல்ல மெல்ல அவளது காதலனாகிறான், ஈற்றில் அவளே விரும்பி அவனை ஏற்கிறாள். மேனாட்டு நாவல்களில் இக்கதைக்கோப்பு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக வழங்கிவருகின்றது. ‘டார்க் றொமான்ஸ்’ என்னும் பெயரில் இன்று பெருந்தொகையாக விற்பனையாகும் நாவல்கள் பலவற்றிலும் இதுவே அச்சாணியாக உள்ளது. போலந்து எழுத்தாளர் பிளாங்கா லிப்பின்ஸ்கா 2018இல் வெளியிட்ட ‘365 நாட்கள்’ என்னும் நாவலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சிசிலித் தீவின் மாபியாக் குழுத் தலைவன் ஒருவன் போலந்துப் பெண்ணொருத்தியைக் கடத்திவைத்து, தன்னைக் காதலிப்பதற்கு அவளுக்கு ஓராண்டுத் தவணை கொடுக்கிறான். தவணை முடியுமுன்னரே அவள் அவன்பாற் காதல் கொண்டுவிடுகிறாள். 2020இல் இது திரைப்படமாகிப் பல நாடுகளிலும் பார்க்கப்பட்டது.

இத்தகைய நூல்கள் குறித்து இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. ஒழுக்கக் காவலர் இவற்றைச் சீர்கேடு எனக் கண்டிப்பர். வெளியீட்டாளரும் அவர்சார்பினரும் இவை வெறுங் கற்பனை, வாசகர் விருப்பத்துக்கேற்ற பண்டம் என அமைதி கூறுவர். இரு சாராரும் வரலாற்றை விட்டுவிடுகின்றனர். கடத்தியவனே கணவனாகும் முடிவு எங்கிருந்து வந்தது? அதனை முதலிற் படைத்தோர் நாவலாசிரியர்தாமா? இவ்வினாக்களை எழுப்பும்போதுதான் இந்நாவல்வகையின் சமூக உள்ளடக்கம் தெளிவாகின்றது. அம்முடிவு முதலில் நாவலின் முடிவன்று. சொத்தின் முடிவும் சட்டத்தின் முடிவுமாகும் என்பதே எமது கருத்து. சிறைப்பட்ட பெண்ணின் ‘சம்மதம்’ உண்மையானதா என்பதை அவள் உள்ளத்தை மட்டும் ஆராய்ந்து கண்டுகொள்ள இயலாது. மறுத்தால் அவள் எங்கே போவாள்? அவளுக்குப் போக்கிடம் உண்டா? இதுவே அடிப்படை வினாவாகும்.

1. சொத்தும் சட்டமும்

ஆங்கில நாவல் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே பெண்களைக் கவர்ந்து செல்வது இங்கிலாந்தில் சட்டப் பிரச்சினையாகிவிட்டது. ஏழாம் ஹென்றியின் ஆட்சியில், 1487இல், பெண்ணை அவளது விருப்பத்துக்கு மாறாகக் கவர்ந்து செல்வதைப் பெருங்குற்றமாக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஆயின், இச்சட்டம் எல்லாப் பெண்களையுங் கருத்திற் கொண்டதன்று. நிலமோ அசையும் பொருளோ உடைய பெண்களும், சொத்துக்கு உரிமைவாரிசாக இருப்போருமே இதன் பாதுகாப்புக்கு உட்பட்டோர். பொருளாசையால் நிகழும் கடத்தலையே சட்டம் இலக்காகக் கொண்டது. உடைமையற்ற உழைப்பாளியின் மகளைப் பற்றி அது பேசவில்லை. அதாவது, கவரப்பட்டது பெண் என்பதினும் அவளோடு சேர்ந்து கைமாறும் சொத்து என்பதே ஆளும் வர்க்கத்தின் கவலையாக இருந்தது.

இதன் காரணத்தை அக்காலத் திருமணச் சட்டத்திற் காணலாம். மணமான பெண் சட்டத்தின் கண்ணில் தனியாள் அல்லள். அவளது ஆளுமை கணவனது ஆளுமையுள் அடங்கியது. அவளது அசையும் பொருள் அவனுக்கே உரியதாயிற்று; அவளது நிலத்தின் வருமானமும் நிருவாகமும் மணவாழ்வுக் காலம் முழுவதும் அவன் கைப்பட்டன. ஆகவே வாரிசுப் பெண்ணொருத்தியை எவ்வாறேனும் மணந்துகொள்பவன் ஒரே நாளிற் செல்வந்தனாகலாம். கடத்தலையும் திருமணத்தையும் இணைத்த பாலம் இதுவே. 1753ஆம் ஆண்டின் ஹாட்விக் திருமணச் சட்டம் இரகசியத் திருமணங்களை இங்கிலாந்திலே தடைசெய்தது. ஆனால் அச்சட்டம் ஸ்கொற்லாந்துக்குச் செல்லுபடியாகவில்லை. எனவே எல்லையைக் கடந்தவுடன் உள்ள கிறெற்னா கிறீன் என்னுஞ் சிற்றூர், காதலருக்கும் கடத்தல்காரருக்கும் ஒருங்கே புகலிடமாயிற்று.

இன்னொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. பதினேழாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற நீதியரசரான மத்தியூ ஹேல் எழுதிய குற்றவியற் சட்ட நூல், அவரது மறைவுக்குப் பல்லாண்டுகளின் பின்னர், 1736இல் அச்சேறியது. மனைவி திருமணத்தின்போது தன்னைக் கணவனுக்குக் கொடுத்துவிட்டாள், அச்சம்மதத்தை அவள் மீளப்பெற முடியாது, ஆதலின் கணவன் தன் மனைவியை வன்புணர்ந்தான் என்ற குற்றத்துக்கு ஆளாகான் என்பது அந்நூலின் கோட்பாடு. ஒருமுறை தரப்பட்ட சம்மதம் என்றென்றைக்குமான சம்மதம் என்ற இக்கருத்து அச்சேறி நான்கு ஆண்டுகளில் ‘பமீலா’ வெளிவந்தது.

2. பமீலாவும் கிளறிஸாவும்

1740இல் வெளியான ‘பமீலா’வின் ஆசிரியர் சாமுவேல் றிச்சட்சன் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகன், அச்சகத் தொழிலிலே பயின்று உயர்ந்தவர், வளர்ந்துவந்த நகர நடுத்தர வர்க்கத்தின் நோக்குகளைத் தம் நோக்குகளாகக் கொண்டவர். வறிய பெற்றோரின் மகளான பதினைந்து வயதுப் பணிப்பெண் பமீலாவை, அவளது எசமானன் தன் மற்றொரு பண்ணை வீட்டுக்குக் கடத்திச் சென்று காவலில் வைக்கிறான். அவள் எழுதும் கடிதங்களும் நாட்குறிப்புக்களுமே நாவலாகின்றன. எழுதிய தாள்களை உடைக்குள் தைத்து மறைத்து வைக்கும் அவள், அத்தாள்களாலேயே ஈற்றில் வெற்றி பெறுகிறாள். அவற்றை வாசித்த எசமானன் மனமாறி அவளை மணக்கிறான். நற்பண்புக்குக் கிடைத்த பரிசு என்று நூலின் துணைத்தலைப்பே பறைசாற்றுகின்றது.

பணிப்பெண்ணொருத்தியின் உள்ளத்தைப் பாடுபொருளாக்கியமை இலக்கிய வரலாற்றில் முற்போக்கான நிகழ்வு என்பதில் ஐயமில்லை. உழைக்கும் பெண்ணின் மறுப்புக்கு மதிப்புண்டு என்று கூறுவதே அக்காலத்திற் புதுமைதான். ஆயினும் அம்மறுப்பின் பரிசு மறுக்கப்பட்டவனே என்பதை நாம் மறத்தலாகாது. றிச்சட்சன் இதிலுள்ள இடர்ப்பாட்டை உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகின்றது. திருமணத்துக்கு முன்னர் எசமானன் அவளை விடுவித்துப் பெற்றோரிடம் அனுப்புமாறு அவர் கதையை அமைத்தார். வழியிலே அவனது கடிதம் வர, அவள் தானாகவே திரும்பிச் செல்கிறாள். கதவைத் திறந்துவிட்டால் அன்றிச் சம்மதம் சம்மதமாகாது என்பதை இந்நாவல்வகையின் முதல்வரே அறிந்திருந்தார் என்பது கருதத்தக்கது. ஆனால் அக்கதவுக்கு வெளியே இருந்தது என்ன? வறுமையும், கெட்டுப்போனவள் என்ற பழிச்சொல்லும், மீண்டும் இன்னொரு வீட்டில் ஏவற்றொழிலுமே. திறந்த கதவும் போக்கிடமும் ஒன்றல்ல.

1747-48இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த ‘கிளறிஸா’வில் றிச்சட்சன் தம் முன்னைய முடிவைத் தாமே மறுத்து எழுதினார் எனலாம். ஹாலோ குடும்பம் புதுச்செல்வம் படைத்தது. நிலங்களை ஒன்றுதிரட்டிப் பிரபுப் பட்டம் பெற விழைவது. பாட்டனார் தம் நிலத்தைப் பேத்தி கிளறிஸாவுக்கு எழுதிவைத்தமை அக்குடும்பத்தின் திட்டத்தைக் குலைக்கின்றது. அவள் வெறுக்கும் செல்வன் ஒருவனுக்கு அவளை மணமுடிக்கக் குடும்பத்தார் அவளை அவளது அறையிலேயே அடைத்துவைக்கின்றனர். ஆகவே நாயகியின் முதற்சிறை தந்தையின் வீடே. அதிலிருந்து தப்புவிப்பதாகக் கூறி வஞ்சித்து அழைத்துச் செல்லும் லவ்லேஸ் என்னும் உயர்குடியினன் அவளை இலண்டனில் மதிப்பான விதவையின் வீடு என்று நம்பவைத்து ஒரு விபசார விடுதியில் தங்கவைக்கிறான். சுற்றியிருப்போர் அனைவரும் வேடதாரிகள். அவள் ஒருமுறை தப்புகிறாள். மீண்டும் ஏமாற்றிக் கொண்டுவரப்படுகிறாள். மயக்கமருந்து கொடுக்கப்பட்டு வன்புணர்வுக்கு உள்ளாகிறாள்.

இதன் பின்னரே நாவலின் உண்மையான போராட்டம் தொடங்குகின்றது. லவ்லேஸ் அவளை மணக்க முன்வருகிறான். அவனது உறவினர் வேண்டுகின்றனர். அவளது உயிர்த்தோழியும் வேறு வழியில்லை என்று மணத்தையே பரிந்துரைக்கிறாள். கிளறிஸா மறுக்கிறாள். தன் உடல்மீது நடந்த வன்முறையைத் திருமணம் சீர்செய்யும் என்ற சமூகத்தின் ஒருமித்த தீர்ப்பை அவள் ஏற்கவில்லை. அவளுக்குச் சொந்தமாக நிலம் உண்டு. ஆனால் அதன் பொறுப்பைத் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டவள், அவருக்கெதிராக வழக்காட விரும்பாதவள். தாய்வீட்டுக் கதவு மூடப்பட்டுவிட்டது. ஈற்றில் அவள் தன் பிரேதப்பெட்டியைத் தானே செய்வித்து அறையில் வைத்துக்கொண்டு, அதனையே எழுதுமேசையாகப் பயன்படுத்துகிறாள். மறுத்த பெண்ணுக்கு அக்காலச் சமூகம் விட்டுவைத்த ஒரே போக்கிடம் அதுதான்.

நூல் பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டிருந்தபோது, கிளறிஸாவைச் சாகவிடாது லவ்லேசைத் திருத்தி அவளுக்கு மணமுடித்து வைக்குமாறு வாசகர் பலர் கேட்டனர். பிறட்ஷோ சீமாட்டி புனைபெயரில் எழுதிய கடிதங்கள் இவ்வகையிற் புகழ்பெற்றவை. றிச்சட்சன் இணங்கவில்லை. மாறாக, வாசகர் லவ்லேஸ்பாற் கொண்ட பரிவைக் கண்டு, அடுத்து வந்த பதிப்பில் அவனது கொடுமை மேலும் தெளிவாகப் புலப்படுமாறு பகுதிகளைச் சேர்த்தார். கடத்தியவனைக் காதலனாகக் காண விழையும் வாசக மனம் இன்றைய வணிக வெளியீட்டாளரின் படைப்பு அன்று என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டியதில்லை. வேறு முடிவு ஒன்றைக் கற்பனை செய்யவும் இடமில்லாத சமூகத்தில், மணமுடிவு ஒன்றே உயிர்தப்பும் முடிவாகத் தோன்றியது.

3. கனவானாகிய கடத்தல்காரன்

இவை கதைகள் மாத்திரமே என்போருக்கு 1826ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று தக்க மறுமொழியாகும். செஷயர் மாவட்டத்துச் செல்வந்தர் வில்லியம் டேணரின் ஒரே மகள் எலன், லிவர்ப்பூலில் ஒரு பாடசாலையிற் பயின்றுகொண்டிருந்தாள். வயது பதினைந்து. மார்ச் 7ஆம் நாள், தாய் கடும் நோயுற்றிருப்பதாகக் கூறும் பொய்க் கடிதத்துடன் ஒரு வண்டி வந்து அவளை ஏற்றிச் சென்றது. இடைவழியில் அவளைச் சந்தித்த எட்வேட் கிபன் வேக்பீல்ட் என்பவர், அவளது தந்தை நொடித்துப்போய்க் கடன்காரருக்கு அஞ்சி மறைந்திருப்பதாகவும், அவள் தம்மை மணந்தாற் குடும்பச் சொத்தைக் காப்பாற்றலாம் எனவும் நம்பவைத்தார். தந்தையைக் காக்கும் எண்ணத்துடன் சிறுமி உடன்பட்டாள். கிறெற்னா கிறீனில் மணம் நிகழ்ந்தது. பின்னர் பிரான்சின் கலே துறைமுகத்தில் அவளைக் கண்டுபிடித்த மாமன்மார் அவளை மீட்டு வந்தனர்.

1827 மார்ச்சில் லங்காஸ்ரர் நகரில் நடந்த வழக்கில், அவள் சம்மதித்தே மணந்தாள் என்றும், மனைவியாதலாற் கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது என்றும் எதிர்த்தரப்பு வாதிட்டது. எனினும் அவள் சாட்சியமளித்தாள். வேக்பீல்டும் அவரது சகோதரரும் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். திருமணத்தை நீக்குவதற்குப் பாராளுமன்றம் தனிச்சட்டமே இயற்றவேண்டியிருந்தது. பெரும் செல்வமும் செல்வாக்கும் உள்ள தந்தையின் மகளுக்கே இத்துணை முயற்சி தேவைப்பட்டதெனின், ஏழைப் பெண்ணின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

வேக்பீல்ட் சமூகத்தின் விளிம்பில் வாழ்ந்த போக்கிரி அல்லர். பாராளுமன்ற உறுப்பினராகும் அவாவும் அதற்கான பணத்தேவையுமே அவரை உந்தின. நியூகேற் சிறையில் இருந்தவாறே அவர் குடியேற்றக் கோட்பாட்டாசிரியராக மாறினார். ‘சிட்னியிலிருந்து ஒரு கடிதம்’ என்னும் அவரது நூல் 1829இல் வெளிவந்தது. தென் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் குடியேற்றத்தில் அவரது கருத்துக்கள் பெரும்பங்கு வகித்தன. குடியேற்ற நாடுகளிலே நிலத்தின் விலையைச் செயற்கையாக உயர்த்திவைத்தாலன்றித் தொழிலாளர் தாமே நிலங்கொண்டு முதலாளியை விட்டு நீங்கிவிடுவர் என்பது அவர் வாதம். கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தின் இறுதி அத்தியாயத்தில் இதனையே எடுத்து ஆராய்ந்து, மூலதனம் என்பது பொருளன்று, மனிதரிடையேயான சமூக உறவு என்பதை வேக்பீல்ட் தம்மை அறியாமலே வெளிப்படுத்திவிட்டதாகக் காட்டினார். வேக்பீல்டின் இரு செயல்களுக்கும் இடையேயுள்ள ஒற்றுமை தற்செயலானதன்று. தொழிலாளிக்கும் போக்கிடத்தை அடைத்துவிட்டாற் போதும், சங்கிலி வேண்டியதில்லை, அவனும் ‘சம்மதிப்பான்’.

4. பாலைவனமும் பாதாள உலகமும்

1870, 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மணமான பெண்ணின் சொத்துரிமையைப் படிப்படியாக ஏற்றுக்கொண்டன. வாரிசுப் பெண்ணைக் கவர்ந்து செல்வந்தனாகும் வழி குறுகியது. இதன் பின்னர் நாவல்களிலும் ஒரு மாற்றத்தை அவதானிக்கலாம். கடத்துபவன் ஆங்கிலக் கனவானின் மாளிகையை விட்டு நீங்கிச் சமூகத்துக்குப் ‘புறத்தே’ உள்ளவனாகிறான்.

1919இல் ஈ. எம். ஹல் என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய ‘த ஷேக்’ இதன் முதற் கட்டம். 1921இல் ருடோல்ப் வலன்ரினோ நடித்த திரைப்படமாகவும் அது உலகெங்கும் பரவியது. தன்னுரிமை மிக்க டயானா என்னும் ஆங்கிலப் பெண்ணைச் சகாராப் பாலைவனத்தில் அராபியத் தலைவன் ஒருவன் சிறைப்பிடித்து வன்புணர்கிறான். அவளோ அவனைக் காதலிக்கிறாள். ஈற்றில் அவன் பிறப்பால் அராபியன் அல்லன், ஆங்கிலப் பிரபு ஒருவனின் மகன் என்பது வெளியாகின்றது. வன்முறையைக் கீழைத்தேயத்தின் மீது ஏற்றிவிட்டுக் காதலை ஐரோப்பியனுக்கு ஒதுக்கும் ஏகாதிபத்திய மனப்பான்மைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. பெண்கள் வாக்குரிமை பெறத் தொடங்கிய அதே காலப்பகுதியில், தனித்துப் பயணஞ் செய்த பெண் சிறைப்பட்டு ‘அடங்கி’ மகிழ்வதாகக் காட்டும் நாவல் பெருவெற்றி பெற்றமையும் நோக்கற்பாலது.

இரண்டாங் கட்டம், ஜேம்ஸ் ஹட்லி சேஸ் 1939இல் எழுதிய ‘நோ ஓர்கிட்ஸ் போர் மிஸ் பிளாண்டிஷ்’. கோடீசுவரன் ஒருவரின் மகள் கொள்ளையரிடம் அகப்படுகிறாள். அவர்களிடமிருந்து அவர்களிலும் கொடிய கும்பல் அவளைப் பறித்துக்கொள்கின்றது. அக்கும்பலின் தலைவியான தாய், தன் மகனின் விருப்பத்துக்கு அவளை இணங்கச் செய்ய அடியையும் போதைமருந்தையும் பயன்படுத்துகிறாள். நாயகி தந்தையின் குடும்பப்பெயராலேயே சுட்டப்படுகிறாள் என்பது கருத்தூன்றத்தக்கது. மீட்கப்பட்ட பின்னர் அவள் யன்னலால் வீழ்ந்து உயிர்துறக்கிறாள். ஜோர்ஜ் ஓர்வெல் 1944இல் எழுதிய கட்டுரையில் இந்நாவலின் வெற்றியைப் பாசிச யுகத்தின் அதிகார வழிபாட்டுடன் தொடர்புபடுத்தினார். அவரது கூற்றில் உண்மை உண்டு. எனினும் அவர் காணாத ஒன்றும் இதில் உண்டு. காதல் முடிவு என்ற திரை இந்நாவலில் விலக்கப்பட்டுவிட்டது. பமீலாவின் எசமானன் வீட்டில் நிகழ்ந்தது எதுவோ, அதுவே அலங்காரமின்றி இங்கு நிகழ்கின்றது. மீண்டு வந்தவளுக்குத் தந்தையின் செல்வமும் போக்கிடமாகவில்லை.

5. அல்காமோவில் ஒரு மறுப்பு

நாவல் தராத முடிவொன்றை வரலாறு தந்தது. அது நிகழ்ந்த இடமும் சிசிலியே. அல்காமோ என்னும் ஊரில், 1965 டிசம்பர் 26ஆம் நாள், பதினேழு வயதுப் பிராங்கா வியோலா என்னும் விவசாயியின் மகளைப் பிலிப்போ மெலோடியா என்பவன் ஆயுதந் தாங்கிய கூட்டத்துடன் வந்து கடத்திச் சென்றான். அவன் மாபியாக் குடும்பத் தொடர்புடையவன். முன்னர் அவனுடன் செய்யப்பட்ட நிச்சயதார்த்தத்தை, அவனது குற்றச்செயல்கள் தெரியவந்ததும் தந்தை முறித்துவிட்டார். எட்டு நாட்கள் அவள் சிறைவைக்கப்பட்டு வன்புணர்வுக்குள்ளானாள். பின்னர் பொலிஸார் அவளை மீட்டனர்.

அப்போது நடைமுறையில் இருந்த, பாசிச ஆட்சிக் காலமாகிய 1930இல் ஆக்கப்பட்ட இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 544ஆம் பிரிவு, வன்புணர்ந்தவன் பாதிக்கப்பட்ட பெண்ணை மணந்தாற் குற்றம் அற்றுப்போகும் என விதித்தது. ‘பரிகாரத் திருமணம்’ எனப்பட்ட இதனையே கடத்தியவனும் ஊராரும் எதிர்பார்த்தனர். நாவலின் முடிவு ஈண்டுச் சட்டத்தின் வாசகமாகவே நிற்பதைக் காண்கிறோம். பிராங்கா மறுத்தாள். சொந்த விருப்பில் உடன்போனாள் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஆயினும் 1966இல் மெலோடியாவுக்குப் பதினொரு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவள் 1968இல் தான் விரும்பிய ஒருவரை மணந்து அதே ஊரில் வாழ்ந்தாள். 544ஆம் பிரிவு 1981இலேயே நீக்கப்பட்டது. வன்புணர்வை ஒழுக்கத்துக்கு எதிரான குற்றமென்ற நிலையிலிருந்து ஆளுக்கு எதிரான குற்றமாக மாற்றுவதற்கு 1996 வரை செல்லவேண்டியிருந்தது.

கிளறிஸா மறுத்து இறந்தாள். பிராங்கா மறுத்து வாழ்ந்தாள். இவ்வேறுபாடு மனவுறுதியின் அளவில் உள்ளதன்று. கிளறிஸாவின் தந்தை கதவை அடைத்தார். பிராங்காவின் தந்தை, திராட்சைத் தோட்டம் எரியூட்டப்பட்ட பின்னரும், மகளின் பக்கம் நின்றார். அவளது வழக்கை நாட்டின் பத்திரிகைகள் எடுத்துச்சென்றன. பெண்களும் வாக்களிக்கும் குடியரசு ஒன்று உருவாகி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுப்பு ஒரு தனிமனிதச் செயல்; மறுத்த பின் உயிர்வாழ்தல் ஒரு சமூகச் சாதனை.

6. முடிபு

இனி, இந்நூல்களை வாசிப்போர் பற்றி ஒரு சொல். அமெரிக்க ஆய்வாளர் ஜனிஸ் றாட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வு, காதல் நாவல்களை விரும்பிப் படிக்கும் பெண்கள் பலர் ஓயாத வீட்டுக்கடமைகளிலிருந்து தமக்கென மீட்டுக்கொள்ளும் நேரமாக வாசிப்பைக் கருதுவதைக் காட்டியது. அவர்களை இழித்துரைப்பது முற்போக்காளர் பணியன்று. தப்ப முடியாத அதிகாரத்தை அன்பாக மாற்றிவிடலாம் என்ற கனவு, தப்பமுடியாத அதிகாரம் உள்ளவரை தோன்றிக்கொண்டே இருக்கும். கனவைக் கண்டிப்பதினும் அதனை வேண்டச்செய்யும் நிலைமையை ஆராய்தலே நம் கடன்.

அந்நிலைமை எங்கோ தொலைவில் இருப்பதுமன்று. ஹேலின் கோட்பாட்டை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1991இலேயே நிராகரித்தது. பிரித்தானியர் 1883இல் நமக்கு வகுத்துத் தந்த தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டபோது, கணவன் மனைவியை வன்புணர்தல் நீதிமன்ற ஆணைப்படி பிரிந்து வாழ்வோர் தொடர்பில் மாத்திரமே குற்றமாக ஏற்கப்பட்டது. 1736இல் அச்சேறிய மீளப்பெற முடியாத சம்மதம், இரண்டரை நூற்றாண்டுகளின் பின் நம் நாட்டுச் சட்டத்திலும் தன் நிழலை விட்டிருந்தது.

ஆகவே கடத்தல் நாவல் ஒன்றை மதிப்பிடும்போது, அதில் வன்முறை இடம்பெறுகின்றதா என்பதோ, நாயகி காதலிக்கிறாளா என்பதோ உரைகல்லாகாது. அவள் மறுத்திருந்தால் எங்கே சென்றிருப்பாள் என்ற வினாவை நாவல் எழுப்புகின்றதா, அன்றி மறைக்கின்றதா என்பதே உரைகல். ‘கிளறிஸா’ அதனை எழுப்பியது. அதனாலேயே அது இலக்கியமாக நிலைத்தது. ‘365 நாட்கள்’ அதனை மறைக்கின்றது. ஓராண்டுத் தவணை கொடுத்த மாபியாத் தலைவனின் கதை வெளிவருவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, அதே தீவில் ஒரு விவசாயியின் மகள் எட்டு நாட் சிறையின் பின்னர் தன் மறுமொழியைக் கூறிவிட்டாள். அம்மறுமொழி கூறும் பெண்ணுக்குப் போக்கிடம் உள்ள சமூகத்தை அமைப்பதே எஞ்சியுள்ள பணியாகும்.